துணிவும் பட்டறிவும்

(நூற்றாண்டு விழாவில் மூத்த பழைய மாணவியர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இந்தப் பாடசாலையை விட்டுச் சென்ற மாணவியர் சார்பில் பேசும்படி விழாக் குழுவினர் எங்களைக் கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே தந்தார்கள்: இளமையின் தன்னம்பிக்கையும் முதுமையின் அனுபவமும். தலைப்பைக் கண்டதும் எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. முழங்கால் நோவும் மூக்குக் கண்ணாடியும் உள்ளவர்களிடம் இந்த வழக்கை ஒப்படைத்தால் தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாததா? இளங்கன்று பயமறியாது என்று தொடங்கி, முதுநெல்லிக்கனியில் கொண்டுவந்து முடிப்போம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அந்த வழியில் நாங்கள் போகவில்லை. எங்கள் சங்கம் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், இதே யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு விடயத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

1924 இல் இங்கே மாணவர் காங்கிரஸ் என்று ஓர் அமைப்பு தோன்றியது. பின்னர் அது வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்றது. அதன் முன்னணியில் நின்றவர் ஹன்டி பேரின்பநாயகம். பிற்காலத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கியவர். 1927 இல் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தது இந்த இளைஞர்களின் அழைப்பை ஏற்றுத்தான். சாதி வேற்றுமை ஒழிய வேண்டும், பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டும், தாய்மொழிக்கு உரிய இடம் வேண்டும், நாட்டுக்கு முழுச் சுயராச்சியம் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் பலர் முகம் சுழித்த காலம் அது. இன்று அந்தப் பட்டியலைப் படித்தால் எந்தக் கோரிக்கையையும் நாம் பிழை என்று சொல்ல மாட்டோம். அனுபவம் மிக்கவர்கள் காணாததை அனுபவமில்லாதவர்கள் கண்டார்கள். முதலில் இதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

அதே காலத்தில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அதற்கு முன் இந்நாட்டில் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான். அவர்களும் சொத்தோ படிப்போ உள்ள ஆண்கள். பெண்கள் வாக்குரிமைச் சங்கம் 1927 இல் கொழும்பில் தொடங்கி, ஆணைக்குழுவின் முன் சென்று சாட்சியம் அளித்தது. ஆணைக்குழு தன் அறிக்கையில் ஆண்களுக்கு 21 வயதிலும் பெண்களுக்கு 30 வயதிலும் வாக்குரிமை வழங்கலாம் என்றது. ஆணுக்கு 21 இல் வருகின்ற புத்தி பெண்ணுக்கு வர இன்னும் ஒன்பது ஆண்டுகள் வேண்டும் என்பது போலத்தான் அந்தக் கணக்கு அமைந்தது! நல்லவேளையாக, சட்டம் நடைமுறைக்கு வரும்போது இரு பாலாருக்கும் 21 என்றே ஆயிற்று. 1931 ஜூனில் அரசாங்க சபைக்கு முதலாவது தேர்தல் நடந்தது.

நாடெங்கும் பெண்கள் முதன்முதலாக வாக்களித்த அந்தத் தேர்தலில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாக்களிப்பே நடைபெறவில்லை. புதிய அரசியல் திட்டத்தில் சுயராச்சியம் இல்லை, ஆகவே அதைப் பகிஷ்கரிப்போம் என்று வாலிபர் காங்கிரஸ் தீர்மானித்தது. அவர்களுடைய செல்வாக்கு அப்போது உச்சத்தில் இருந்தது. தேர்தலில் நிற்க எண்ணியிருந்த மூத்தவர்களும் பின்வாங்கினார்கள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளுக்கும் ஒருவர்கூட நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. 50 பேர் தெரிவாக வேண்டிய சபைக்கு 46 பேரே தெரிவானார்கள்.

நாங்கள் வழிகாட்டினால் தெற்கும் பின்தொடரும் என்பது அந்த இளைஞர்களின் நம்பிக்கை. தெற்கிலிருந்து பாராட்டு வந்தது. பகிஷ்கரிப்பு வரவில்லை. அங்கே தேர்தல் நடந்தது, சபை கூடியது, ஏழு நிர்வாகக் குழுக்கள் அமைந்தன. ஒவ்வோர் உறுப்பினரும் ஏதாவது ஒரு குழுவில் இருந்து நிர்வாகத்தில் நேரடியாகப் பங்குகொள்ளும் முறை அது. கல்விக்கான குழுவுக்குத் தலைவராகி அமைச்சரானவர், பின்னாளில் இலவசக் கல்விக்காகப் பெயர் பெற்ற சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. பாடசாலைகளையே தன் பெருஞ்செல்வமாகக் கருதிய குடாநாட்டின் நான்கு கதிரைகளும் அந்தத் தொடக்கக் காலத்தில் வெறுமையாகக் கிடந்தன. அடலின் மொலமூரே 1931 இலும் நேசம் சரவணமுத்து 1932 இலும் இடைத்தேர்தல்களில் வென்று அந்தச் சபையில் அமர்ந்தார்கள். பெண்களே உறுப்பினராகிவிட்ட அந்த வேளையிலும் யாழ்ப்பாணத்துப் பெண் ஒரு வாக்குச் சீட்டைக் கையில் தொட்டிருக்கவில்லை. 1934 இல்தான் இந்தத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் நடந்தது. எங்கள் பாட்டிமாருக்குக் கிடைத்த முதல் வாக்குரிமை மூன்று ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்தது.

பிள்ளைகளே, இதில் இளைஞர்களின் இலட்சியத்தில் குறை காண முடியாது. இனபேதம் இல்லாமல் முழு நாட்டுக்கும் விடுதலை கேட்டவர்கள் அவர்கள். அந்தப் பகிஷ்கரிப்பு சரியா பிழையா என்ற வாதம் இன்றும் முடியவில்லை. ஆனால் ஒரு கேள்வி உரிய நேரத்தில் உரத்துக் கேட்கப்பட்டிருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். "மற்றவர்கள் வராவிட்டால் என்ன செய்வோம்?" கொள்கை சரியா என்று பார்ப்பதற்கு அறிவும் நேர்மையும் போதும். அதை அவர்கள் நிறையவே வைத்திருந்தார்கள். நாம் ஓரடி வைத்தால் மற்றவன் எத்தனை அடி வைப்பான் என்பதைக் கணக்கிடுவது வேறு. அது பலமுறை ஏமாந்தவர்களுக்குத்தான் கைவரும்.

அப்படியானால் வயது போனவர்கள் சொல்வதைக் கேட்டு நடந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமா? அதுவும் இல்லை. அந்தக் காலத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதனை விட அனுபவம் மிக்க தமிழ்த் தலைவர் ஒருவர் இருக்கவில்லை. 1915 கலவரத்தின் பின் நடந்த அடக்குமுறைக்கு நீதி கேட்டு, போர்க்காலக் கடலைத் தாண்டி இலண்டன் போனவர். 1913 இல் மருதனார்மடத்திலே பெண்களுக்கென்று ஒரு கல்லூரியை நிறுவியவர். பெண்கல்விக்கு அவர் செய்ததை இந்த மண்டபத்தில் யாரும் மறக்க மாட்டோம். ஆயினும் சர்வசன வாக்குரிமையை அவர் எதிர்த்தார். பெண்கள் வாக்களிப்பதையும் எதிர்த்தார். பெண்ணைப் படிப்பித்தவர், படித்த பெண்ணின் கையில் வாக்குச் சீட்டைக் கொடுக்கத் தயங்கினார். 1930 இல் தமது எழுபத்தொன்பதாவது வயதில் அவர் காலமானார். மறு ஆண்டே வாக்குரிமை வந்தது. வானம் இடிந்து விழவில்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். வயது தானாக அனுபவம் ஆவதில்லை. தமிழில் இதற்குப் பட்டறிவு என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. பட்டு அறிவது பட்டறிவு. பட்டால் மட்டும் போதாது, அறியவும் வேண்டும். ஐம்பது ஆண்டுகள் ஒரே விதமாக வாழ்ந்துவிட்டு ஐம்பது ஆண்டு அனுபவம் என்று சொல்பவர்களை நாமெல்லோரும் கண்டிருக்கிறோம்.

பட்டு அறிந்தவர்கள் எப்படி இருப்பார்கள் என்பதையும் இந்த ஊர் கண்டிருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, கொட்டும் மழையில், வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனது. எங்களில் சிலர் அந்த நெரிசலில் நடந்தவர்கள். ஊரில் சிலர் ரேடியோவைத் தூக்கினார்கள், சிலர் தையல் மெஷினைச் சைக்கிளில் கட்டினார்கள். அம்மம்மாமார் பலர் ஒரு சிறிய பையைத்தான் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தார்கள். காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள், கொஞ்சம் மருந்து. 1987 ஒக்டோபரில் நல்லூர்க் கோயில் வீதியிலும் பாடசாலை விறாந்தைகளிலும் படுத்தெழும்பியபோது, எது இல்லாவிட்டால் பிறகு அந்தரிக்க வேண்டி வரும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். வானொலி மீண்டும் வாங்கலாம். உறுதி தொலைந்தால் காணிக்காகக் கச்சேரிக்கும் கோட்டுக்கும் எத்தனை வருடம் அலைவது? அந்தப் பைக்குள் இருந்த தாள்களைக் காட்டித்தான் பல பிள்ளைகள் பின்னர் பல்கலைக்கழகம் போனார்கள். பலர் வெளிநாட்டில் தஞ்சம் கேட்டார்கள்.

இந்த அறிவு முன்பு ஒரே வளவுக்குள் கைமாறியது. அம்மம்மா கிணற்றடியில் சொன்னதை அம்மா கேட்டாள், அம்மா குசினியில் சொன்னதை மகள் கேட்டாள். போர் அந்தச் சங்கிலியை அறுத்துவிட்டது. எங்கள் சங்கத்தின் கூட்டத்துக்கு வந்து பாருங்கள். எழுபது வயதுக்காரர் இருக்கிறோம், இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நடுவிலே இருக்க வேண்டியவர்களில் பெரும்பகுதியினர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். சிலர் எங்குமே இல்லை. மூத்தவர் சொல்வதை இளையவருக்கு விளங்கும் மொழியில் எடுத்துச் சொல்லவும், இளையவரின் அவசரத்தை மூத்தவருக்குப் புரியவைக்கவும் நடுவயதுக்காரரே பாலம். அந்தப் பாலம் இல்லாதபடியால்தான் எங்கள் கூட்டங்களில் சிறு விடயமும் பெரும் பிணக்காகிறது. "உங்களுக்கு என்ன தெரியும்" என்று ஒரு பக்கம். "உங்கள் காலம் முடிந்துவிட்டது" என்று மறு பக்கம். பிறகு பிள்ளைகள் வராமல் விட்டுவிடுகிறார்கள். இப்படியே போனால் இந்தச் சங்கத்தின் நூற்றிருபதாவது ஆண்டைக் கொண்டாட ஆட்கள் இருக்க மாட்டார்கள்.

ஆகவே மூத்தவர்கள் சார்பில் மூன்று விடயங்களை முன்வைக்கிறோம்.

ஒன்று, இனிமேல் செயற்குழுவிலும் அதன் உப குழுக்கள் ஒவ்வொன்றிலும் முப்பது வயதுக்கு உட்பட்ட உறுப்பினர் இருவராவது இருக்க வேண்டும். தேநீர் பரிமாறவும் கதிரை அடுக்கவும் அல்ல, வாக்குடன் முடிவெடுக்க. முப்பது வயது வரட்டும் என்று பெண்களுக்கு ஒருமுறை சொன்னார்கள். அதையே நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாது.

இரண்டு, மூத்தவர்கள் எந்த யோசனையை மறுத்தாலும் காரணத்தைச் சொல்ல வேண்டும். "முன்பு செய்து பார்த்தோம், சரிவரவில்லை" என்பது காரணம் அல்ல. எப்போது செய்தோம், எவ்வளவு பணம் போனது, எங்கே இடறியது என்று சொன்னால்தான் அது அனுபவம். சொல்லாவிட்டால் அது வெறும் அதிகாரம். இவற்றை அறிக்கைப் புத்தகத்தில் விபரமாக எழுதியும் வைப்போம். எங்கள் நினைவு எங்களோடு போய்விடக்கூடாது.

மூன்று, இளையவர்கள் ஒரு முடிவுக்கு வருமுன் தங்களுக்குள் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். மற்றவர்கள் எங்களோடு வராவிட்டால் என்ன செய்வோம்? இது பிழைத்தால் நட்டத்தை யார் சுமப்பார்கள்? 1931 இல் முடிவெடுத்தவர்கள் மேடையில் இருந்தார்கள். நட்டப்பட்டவர்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

இக்கேள்விகளுக்கு விடை தேடிய பின்னும் அந்தக் காரியத்தைச் செய்யத்தான் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், தாராளமாகச் செய்யுங்கள். எங்களுக்கு விருப்பமில்லாவிட்டாலும் செய்யுங்கள். சம ஆசனம் கேட்ட இளைஞர்கள் பெரியவர்களின் சம்மதத்துக்குக் காத்திருந்தால் இந்த மண்டபத்தில் நாம் எல்லோரும் இப்படி ஒன்றாக அமர்ந்திருக்க மாட்டோம்.

அடுத்த மாதப் பொதுக்கூட்டத்தில் இந்த மூன்றையும் பிரேரணைகளாகக் கொண்டுவர இருக்கிறோம். வெளிநாட்டுச் சகோதரிகள் இந்த மலரைப் படித்துவிட்டு உங்கள் கருத்தைச் செயலாளருக்கு எழுதுங்கள். உள்ளூரில் இருப்பவர்கள் நேரில் வாருங்கள். பிள்ளைகள் கட்டாயம் வாருங்கள். எதிர்த்து வாக்களிக்க விரும்பினாலும் வாருங்கள். உங்கள் பூட்டிமாருக்கு மூன்று ஆண்டுகள் கிடைக்காமல் இருந்தது அந்த வாக்குத்தான்.