வர்த்தகக் கல்லூரி யாருக்காக?



பிள்ளையை எம்.பி.ஏ. படிக்க வைக்கலாம் என்றதும் பெற்றோர் முதலில் கேட்பது, "தரவரிசையில் எத்தனையாவது இடம்?" என்பதைத்தான். அந்தக் கல்லூரி யாருக்காகத் தொடங்கப்பட்டது என்று கேட்பவர்கள் குறைவு. வளரும் நாடுகளின் அனுபவமோ, அந்தக் கேள்விதான் முக்கியம் என்கிறது.

இந்தியாவையே எடுத்துக்கொள்வோம். 1961-இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய நிர்வாகக் கழகங்கள் தொடங்கின. கல்கத்தாவுக்குக் கைகொடுத்தது அமெரிக்காவின் எம்.ஐ.டி. அங்கே கணக்கும் புள்ளிவிவரமும் முன்னே நின்றன. அகமதாபாத்துக்குத் துணை நின்றது ஹார்வர்ட். ஒரு நிறுவனத்தின் உண்மையான சிக்கலை வகுப்பில் வைத்து, "நீங்கள் மேலாளரானால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பதே அங்கு பாடம். ஒரே ஆண்டில் பிறந்த இரண்டும் வெவ்வேறு குணத்தோடு வளர்ந்தன.

ஆனால் அமெரிக்கத் தொழிற்சாலையின் கதையை மட்டும் படித்து இந்திய மாணவர் எவ்வளவு தூரம் போக முடியும்? அகமதாபாத் பேராசிரியர்கள் இந்திய நிறுவனங்களைப் பற்றிய பாடங்களைத் தாங்களே எழுதினார்கள். விவசாயத்துக்கென்று தனிப் பிரிவும் வைத்தார்கள்.

அதே குஜராத்தில் உள்ள ஆனந்த் நகரம் இன்னொரு வழியில் சென்றது. நகரத்துக் கம்பெனிகளுக்கு மேலாளர்கள் கிடைக்கிறார்கள். பால் கறக்கும் விவசாயியின் சங்கத்தை நடத்த யார் வருவார்? இதற்கு விடையாக, பால் கூட்டுறவை வளர்த்த வர்கீஸ் குரியன் 1979-இல் ஊரக மேலாண்மைக் கழகத்தை அமைத்தார். மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் படிப்பது அங்கே பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. 2025-இல் அது கூட்டுறவுப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

சீனாவின் தேவை வேறு. அரசுத் திட்டத்திலிருந்து சந்தைக்கு மாறிக்கொண்டிருந்த நாட்டுக்கு நிர்வாகிகள் வேண்டும். 1994-இல் ஐரோப்பிய ஒன்றியத்துடன் சேர்ந்து ஷாங்காயில் ஒரு கல்லூரியை நிறுவியது. நம் கோலாலம்பூரிலும் 2015-இல் பேங்க் நெகாரா, கல்கத்தாவுக்கு உதவிய அதே எம்.ஐ.டி.யின் துணையோடு ஆசியா ஸ்கூல் ஆஃப் பிசினஸைத் தொடங்கியது.

சிக்கல் எங்கே? புகழ்பெற்ற தரவரிசைகள் சில, பட்டதாரிகளின் சம்பளத்துக்குப் பெரும் மதிப்பெண் தருகின்றன. வங்கிக்குப் போகிறவரால் கல்லூரி மேலே ஏறும். பால் சங்கத்துக்குப் போகிறவரால் கீழே இறங்கும். பட்டியலைத் துரத்தும் கல்லூரி, தான் பிறந்த காரணத்தையே மறந்துவிடலாம்.

ஆகவே பெற்றோர்களே, கட்டணம் கட்டும் முன் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள்: இங்கே யாருடைய சிக்கலைப் பாடமாக வைக்கிறார்கள்? படித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்? ஆசான் எந்த ஊரிலிருந்தும் வரலாம். கேள்வி நம் ஊருடையதாக இருக்க வேண்டும்.