ஆங்கிலத்தில் 'முன்' உணர்த்தும் பழஞ்சொற்கள்

இன்றைய ஆங்கிலத்தில் முன்புறத்தைக் குறிக்கும் பொதுச்சொல் 'ஃப்ரண்ட்' என்பதாகும். வீட்டின் முகப்புக்கும் படையின் போர்முனைக்கும் அந்த ஒரு சொல்லே வழங்குகின்றது. ஆயினும் அஃது ஆங்கிலேயரின் முதுசொம் அன்று. 1066 ஆம் ஆண்டில் நோர்மண்டிக் கோமகன் வில்லியம் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று இங்கிலாந்தின் முடியைச் சூடிக்கொண்டான். அதன்பின் அரசவையிலும் நீதிமன்றங்களிலும் பிரெஞ்சு மொழி வீற்றிருந்தது. அவ்வழியாக ஆங்கிலத்திற் குடிபுகுந்த ஆயிரக்கணக்கான சொற்களுள் இதுவும் ஒன்று. 1300 ஆம் ஆண்டையொட்டி இது வந்து சேர்ந்தபோது இதன் பொருள் நெற்றி என்பதே. இதற்கு மூலமான இலத்தீன் சொல்லுக்கும் அதுவே பொருள். ஒருவரை அவமதித்தலை 'அஃப்ரண்ட்' என்கின்றனர். நெற்றியில் அறைவது போன்ற செயல் என்பது அதன் உட்கருத்து.

அவ்வாறாயின், நோர்மானியர் வருவதற்கு முன்னர் ஆங்கிலேயர் முன்புறத்தை எச்சொல்லாற் குறித்தனர்? அவர்களிடம் 'ஃபோர்' என்னும் அடி இருந்தது. அது தனித்து நிற்கும் ஆற்றலைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. கப்பலோட்டிகளின் வழக்கிலும், பந்து பாய்ந்து வருகிறதென்று எச்சரிக்கும் கோல்ஃப் ஆட்டக்காரரின் கூவலிலும் அதனை இன்றும் தனியே கேட்கலாம். ஆனாற் பிற சொற்களோடு ஒட்டிக்கொண்டு அது உயிர்தப்பிற்று. 'பிஃபோர்', 'ஃபோர்வேர்ட்' ஆகியவை அதன் பிள்ளைகள். நெற்றியைக் குறிக்கும் 'ஃபோர்ஹெட்' என்பதும் அத்தகையதே. தலையின் முன்புறம் என்பது அதன் நேர்ப்பொருள். நெற்றி என்ற பொருளோடு வந்த அந்நியச் சொல்லால் நெற்றியைப் பிடிக்க முடியவில்லை. முன்புறத்தைத்தான் பிடிக்க முடிந்தது. வென்றவன் மொழி எல்லா இடங்களையும் வென்றுவிடுவதில்லை.

இடத்தால் முற்பட்டதைக் குறிக்கும் சொல் காலத்தால் முற்பட்டதையும் குறிப்பது தமிழருக்குப் புதிதன்று. 'முன்னோர்' என்ற சொல்லே சான்று. பழைய ஆங்கிலத்திலும் 'முன்னே செல்பவன்' என்ற அமைப்புடைய ஒரு சொல் மூதாதையைக் குறித்தது. முதலாவது என்று பொருள்படும் 'ஃபேர்ஸ்ட்' என்பதும் 'ஃபோர்' அடியின் உச்சவடிவமே. எல்லாரினும் முன்னே நிற்பது என்பது கருத்து. அதன் உடன்பிறப்பாகிய ஜேர்மன் சொல் 'ஃபியூர்ஸ்ட்', ஆள்பவனாகிய சிற்றரசனைக் குறிக்கலாயிற்று.

ஆனால், பழைய ஆங்கிலத்தில் முதலாவது என்பதற்கு மிகுதியாக வழங்கிய சொற்களுள் 'ஃபொர்மா' என்பதும் ஒன்று. இதன் வரலாறே மிகச் சுவையானது. 'ஃபொர்மா' என்பதன் ஈற்றிலுள்ள 'மா' ஒரு பழைய உச்சவிகுதி. இலத்தீனின் 'பிரீமுஸ்' என்பதிலுள்ள மகரமும் அதுவே. காலஞ்செல்ல, அந்த மகரம் விகுதியென்பதை மக்கள் மறந்தனர். விகுதி மறைந்துபோன சொல்லுக்கு மற்றுமொரு விகுதி வேண்டுமென எண்ணி, 'எஸ்ட்' என்பதையும் அதன்மேல் ஏற்றினர். 'ஃபொர்மெஸ்ட்' என்ற வடிவம் பிறந்தது. பின்வந்தோர் இதன் பிற்பகுதியில் 'மோஸ்ட்', அதாவது 'மிக' என்ற சொல் இருப்பதாகக் கருதி, 'ஃபோர்மோஸ்ட்' என எழுதத் தொடங்கினர். இன்று அகராதி ஏறி நிற்பது அந்தத் தவறான எழுத்தே. இத்துடன் முடிந்ததா? இல்லை. அதே 'ஃபொர்மா' தேய்ந்த வடிவத்தோடு ஒப்புவிகுதியாகிய 'எர்' சேர்ந்து 'ஃபோர்மர்' என்பது தோன்றிற்று. உச்சத்தின்மேல் ஒப்பு! இலக்கண ஆசிரியன் எவனும் இதனை அனுமதித்திருக்கமாட்டான். ஆயினும் மாணவர் எழுதும் ஆங்கிலத்திற் சிவப்பு மை கொண்டு பிழை திருத்துவோரே 'ஃபோர்மர்' என்பதை ஐயமின்றிக் கையாளுகின்றனர்.

இங்கே மாணவர் வழுக்கும் ஓர் இடமும் உண்டு. 'ஃபொர்கிவ்', 'ஃபொர்கெட்', 'ஃபொர்பிட்' முதலியவற்றின் முன்னொட்டுக்கும் முன்புறத்துக்கும் தொடர்பில்லை. விலக்கல், இழத்தல் முதலிய பொருள்தரும் வேறொரு முன்னொட்டு அது. இரண்டையும் எழுத்தில் வேறுபடுத்துவது ஈற்றில் வரும் ஓர் 'ஈ' எழுத்தே. அந்த எழுத்து இல்லாத 'ஃபொர்கோ' கைவிடுதலையும், அது சேர்ந்த 'ஃபோர்கோ' முன்செல்லுதலையும் குறிக்கும். எனினும் இவ்விரண்டும் நெடுங்காலமாகவே ஆங்கிலேயர் கைகளிலும் மயங்கி வந்துள்ளன.

மாண்டுபோன சொற்களுள் ஒன்று வேறு வழியால் மீண்டதையும் சொல்ல வேண்டும். பழைய ஆங்கிலத்தில் நூன்முகத்தை 'முன்பேச்சு' என்று பொருள்படும் சொந்தச் சொல்லாற் குறித்தனர். பிரெஞ்சு வழிவந்த 'பிரிஃபேஸ்' அதனை அகற்றியது. 1842 ஆம் ஆண்டளவில், ஜேர்மன் மொழியின் முன்சொல் என்ற ஆட்சியைப் பார்த்து 'ஃபோர்வேட்' என்று புதிதாக ஆக்கிக்கொண்டனர். வீட்டில் இருந்து தொலைந்த பொருளை அயலவர் வீட்டில் இருந்து இரவல் வாங்கியது போன்றது இச்செயல்.

'ஃபோர்' போலவே முன்புறத்தோடு உறவுடைய இன்னோர் உறுப்பும் பழைய ஆங்கிலத்தில் இருந்தது. அஃது 'அண்ட்' என்னும் முன்னொட்டு. எதிரே, முகத்துக்கு நேரே என்பது அதன் பொருள். முகம், அறிவு, கண்முன் இருத்தல் ஆகியவற்றைக் குறித்த பல சொற்கள் அதனைக் கொண்டு அமைந்திருந்தன. அவை யாவும் வழக்கொழிந்தன. எஞ்சியவற்றுள் சிறந்தது, விடையைக் குறிக்கும் 'ஆன்ஸர்' என்பது. அதன் பழைய வடிவம் 'அண்ட்ஸ்வரு'. பின்பாதியிலுள்ளது சத்தியம் செய்தலைக் குறிக்கும் 'ஸ்வெயார்' என்ற சொல்லின் உறவு. குற்றஞ்சாட்டப்பட்டவன் மன்றத்தில் எதிர்நின்று, தன்மீது பழியில்லையென ஆணையிட்டு உரைப்பதே ஆதியில் விடையாக இருந்தது. வகுப்பில் எழுந்து நின்று விடைசொல்லும் சிறுவனின் வாயிலும் அந்தப் பழைய வழக்கின் சாயல் இருக்கின்றது.

'அண்ட்' என்பதற்குக் கிரேக்கத்தின் 'அன்டி'யும் இலத்தீனின் 'அன்டே'யும் உறவு என்பது மொழிநூலார் முடிபு. இம்மூன்றுக்கும் மூலமான தொல்வேரின் பொருளாக அவர்கள் குறிப்பிடுவதும் நெற்றி என்பதுதான்.