கிணற்றில் வந்த கறுப்பு



சில வருடங்களுக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வத்தேகமப் பக்கமிருந்து ஒருவர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். வீட்டுக்குப் பின்னால் கிணறு வெட்டுகிறாராம். இருபதடி ஆழத்தில் மண்ணோடு மண்ணாகக் கறுப்பாக மினுங்கும் கல் வருகிறதாம். பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சேர், இது நிலக்கரிதானே?"

அவர் குரலைத் தாழ்த்தியதற்குக் காரணம் இருந்தது. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன அவருடைய மாமா குடும்பம் கடலூர்ப் பக்கம் குடியேறியிருக்கிறது. அங்கே நெய்வேலியில் நிலக்கரி கிடைத்த கதையை மாமா சொல்லியிருக்கிறார். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலச்சொந்தக்காரர் தண்ணீருக்காகத் துளை போட்டபோது கறுப்பாக ஒரு பொருள் மேலே வந்தது. அதிலிருந்து தொடங்கிய தேடல், 1956இல் நெய்வேலி நிறுவனமாகி, பிறகு ஒரு நகரமே ஆகிவிட்டது. அங்கே கிணற்றில் வந்தது இங்கே கிணற்றில் வராதா? கேள்வியில் பிழை இல்லை.

பாடசாலையில் புவியியல் படிப்பித்தவன் என்பதால் இப்படிப் பொட்டலங்கள் எனக்குப் புதிதல்ல. அந்தக் கல்லில் ஒரு துண்டை எடுத்து வெள்ளைத் தாளில் கோடு இழுத்தேன். பென்சிலால் எழுதியதுபோலச் சாம்பல் நிறக் கோடு விழுந்தது. விரலில் எண்ணெய் தடவியதுபோல வழுக்கியது. குறட்டில் பிடித்து காஸ் அடுப்பில் காட்டினேன். கல் சூடாகிச் சிவந்ததே தவிர, தீப்பற்றவில்லை, புகையும் வரவில்லை. கல்லுக்குள் சிவப்பாகச் சில மணிகள் தெரிந்தன. அவை கார்னெட். "தம்பி, இது காரீயம். சிங்களத்தில் மினிரன் என்பார்களே, அதுதான். அதுவும் கல்லில் தூவினாற்போல இருக்கிறது. தோண்டி விற்கிற அளவுக்கு இல்லை" என்றேன். அவருக்கு முகம் வாடிப்போயிற்று. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "அப்ப ஏன் சேர் நம்ம மலையில நிலக்கரி இல்ல?" என்று கேட்டார்.

அன்றைக்கு நான் சொன்ன பதில் அரைகுறை. இன்று கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லப் பார்க்கிறேன்.

நிலக்கரி என்பது மரம். சதுப்பு நிலத்தில் விழுந்த மரமும் இலையும் வேரும், காற்றுப் படாத நீருக்குள் உக்கிப்போகாமல் கிடந்து, அதன்மேல் சேறும் மணலும் ஏறி அமுக்கி, கோடிக்கணக்கான வருடங்களில் கரியாகிறது. ஆகவே நிலக்கரி தேடப் போகிறவர் முதலில் கேட்பது கல்லின் வயதை. பூமியில் காடு என்று சொல்லத்தக்க ஒன்று தோன்றி ஏறத்தாழ 38 கோடி வருடங்கள்தான் ஆகின்றன. இந்தியாவின் ராணிகஞ்ச், ஜாரியா, சிங்கரேணி நிலக்கரியெல்லாம் 30 கோடியிலிருந்து 25 கோடி வருடங்களுக்கு முந்திய காடுகள். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி அவற்றைவிட மிகவும் இளையது.

இனி நம் கண்டிப் பக்கம் வாருங்கள். ஹந்தானை மலையை எடுங்கள், நக்கிள்ஸ் தொடரை எடுங்கள், திகனப் பக்கம் வெட்டியெடுக்கும் பளிங்குச் சுண்ணக்கல்லை எடுங்கள். இவையெல்லாம் ஒருகாலத்தில் சேறாகவும் மணலாகவும் சுண்ணாம்பாகவும் நீருக்கடியில் படிந்தவை, அல்லது எரிமலைக் குழம்பிலிருந்து இறுகியவை. பிறகு, ஏறத்தாழ 60 கோடியிலிருந்து 55 கோடி வருடங்களுக்கு முன்னால், இந்தியாவும் மடகாஸ்கரும் அந்தாட்டிக்காவும் ஆபிரிக்காவும் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டி, கோண்டுவானா என்ற பெருநிலம் உண்டானபோது, நடுவில் அகப்பட்ட நம் நிலம் இருபத்தைந்து, முப்பது கிலோமீற்றர் ஆழத்துக்கு அமுங்கிப்போனது. அங்கே வெப்பம் 700 முதல் 900 பாகை வரை. சேறு கார்னெட் பதித்த கல்லானது. சுண்ணாம்பு பளிங்கானது. அந்த ஆழத்தில் வெந்த கல்தான், மேலே இருந்ததெல்லாம் தேய்ந்து கரைந்துபோன பிறகு, இன்று நம் வீட்டு அத்திவாரத்தில் கிடக்கிறது.

கணக்கைப் பாருங்கள். கல் 55 கோடி வருடங்களுக்கு முன்பே வெந்து முடிந்துவிட்டது. காடு வந்தது 38 கோடி வருடங்களுக்கு முன்னால். கண்டியின் கல் மரத்துக்கு மூத்தது. அதற்குள் மரத்தைத் தேடுவது, பாட்டியின் கலியாணப் படத்தில் பேரனைத் தேடுவது மாதிரி.

அப்படியானால் கிணற்றில் வந்த காரீயம் எப்படி வந்தது? காரீயமும் கரிமம்தான், நிலக்கரியும் கரிமம்தான், வைரமும் கரிமம்தான். கல்லில் தூவினாற்போல் இருக்கும் காரீயம், மரம் தோன்றுமுன் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் எச்சம் சேற்றோடு சேர்ந்து வெந்ததால் வந்தது என்று சொல்லலாம். ஆனால் போகல, கஹட்டகஹச் சுரங்கங்களில் கிடைப்பது வேறு வகை. அங்கே கல்லில் பிளவு விழுந்து, அந்தப் பிளவு முழுக்கக் காரீயம் நிரம்பி நரம்புபோல ஓடுகிறது. கரிமம் கலந்த சூடான திரவமும் வாயுவும் பிளவுகளில் ஏறி, குளிரும்போது கரிமத்தை அங்கே விட்டுப்போயின. அந்தக் கரிமம் உயிரிலிருந்து வந்ததா, பூமியின் உள்ளாழத்திலிருந்து வந்ததா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நரம்புக் காரீயத்தை வணிக அளவில் எடுக்கும் நாடு உலகிலேயே இலங்கை ஒன்றுதான். சில நரம்புகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வரை கரிமம்.

இந்தக் காரீயத்தைப் பற்றி முதலில் விஞ்ஞான முறையில் எழுதியவர்களில் ஒருவரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள், ஆனால் வேறு காரணத்துக்காக. ஆனந்த குமாரசுவாமி. நடராஜர் சிலையைப் பற்றி உலகத்துக்கு எடுத்துச் சொன்ன அதே ஆனந்த குமாரசுவாமிதான். சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன், 1877இல் கொழும்பில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1900இல் லண்டனில் புவிச்சரிதவியல் கழகத்தின் ஏட்டில் வந்தது. 1903இல் இலங்கைக் கனிப்பொருள் அளவைக்கு முதல் பணிப்பாளரானார். கல் தேடிக் கண்டி நாட்டுக் கிராமங்களில் அலைந்தபோதுதான் கொல்லரையும் தச்சரையும் சித்திரகாரரையும் நெசவாளரையும் கண்டார். 1908இல் வந்த அவருடைய இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெரிய நூலுக்கு வித்து அந்த அலைச்சல். கல்லைப் படிக்கத்தான் அவரை அனுப்பினார்கள். அவர் மனிதர்களையும் சேர்த்துப் படித்துவிட்டு வந்தார். நல்ல வேளை என்றே நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் காரீயம் என்றால் பெரும் பணம். முதற் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் தந்தையார் செல்வம் சேர்த்தது காரீயத்தில்தான். சேர் ஜோன் கொத்தலாவலவின் குடும்பத்துக்கும் காரீயச் சுரங்கம் இருந்தது. முதலாம் உலகப்போர் நடந்தபோது ஒரே வருடத்தில் 30 ஆயிரம் தொன்னுக்கு மேல் கப்பலேறியது. பென்சில் செய்யவா இவ்வளவு? இல்லை. பொற்கொல்லர் வீட்டில் தங்கம் உருக்க ஒரு மூசை வைத்திருப்பார்களே, அதுபோல உருக்கும் பித்தளையும் காய்ச்சுவதற்கான பெரிய மூசைகளைக் காரீயத்தில்தான் செய்தார்கள். எந்த நெருப்பிலும் காரீயம் சட்டென்று எரியாது, உருகாது. போர் முடிந்தது, விலை விழுந்தது, மடகாஸ்கர்க் காரீயம் போட்டிக்கு வந்தது. 1971இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. கஹட்டகஹச் சுரங்கம் இன்று நிலத்துக்குக் கீழே 600 மீற்றருக்கு மேல் போகிறது. நான் ஒருமுறை வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன். ஆழத்தைக் கேட்டதும் கால் வரவில்லை.

வேடிக்கையைப் பாருங்கள். 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. எங்கள் பாட்டன்மார் அதைக் கரிக்கோச்சி என்றார்கள். கடுகண்ணாவ நூதனசாலையில் பழைய எஞ்சின்கள் நிற்கின்றன, பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அந்தக் கரிக்கோச்சிக்கு வேண்டிய கரி இந்தியாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கப்பலில் வந்தது. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, அதே கோச்சியில் ஏறி மலைக்கு வந்தது. போகும்போது அதே பாதையில் காரீயம் துறைமுகத்துக்குப் போயிற்று. எரியாத கரிமத்தை விற்று எரியும் கரிமத்தை வாங்கினோம். 1950களில் டீசல் எஞ்சின்கள் வந்த பிறகுதான் அந்தக் கணக்குக் குறையத் தொடங்கியது.

நாடு முழுக்கவே நிலக்கரிக்கு வழியில்லையா என்று கேட்பீர்கள். பத்தில் ஒன்பது பங்கு நம் கல்லைப் போன்ற பழங்கல்தான். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் இளையது, ஆனால் அது கடலில் படிந்தது, காட்டில் அல்ல. கொழும்புக்கு வடக்கே முத்துராஜவெலச் சதுப்பில் பீட் என்ற முற்றாத கரி இருக்கிறது. அதன் வயது சில ஆயிரம் வருடங்கள். அது கரியாவதற்கு நாம் காத்திருக்க முடியாது.

மிஞ்சியது ஒரே ஒரு மூலை. வடமேற்கே, புத்தளத்திலிருந்து அனுராதபுர வீதியில் போனால் தப்போவ என்ற குளம் வரும். சுற்றிலும் முட்காடு, யானை நடமாட்டம். அந்தப் பக்கத்தில் பழங்கல் பிளந்து தாழ்ந்து ஒரு பள்ளமாகி, அந்தப் பள்ளத்தில் மணற்கல்லும் களிக்கல்லும் தேங்கியிருக்கின்றன. கனிப்பொருள் அளவையில் வேலை பார்த்த வேலண்ட் என்ற ஆங்கிலேயர் அங்கே இலை அச்சுப் பதிந்த கற்களைச் சேகரித்தார். அவற்றைக் கேம்பிரிஜ் பேராசிரியர் சீவர்டும் ஹோல்டம் என்ற இளைஞரும் ஆராய்ந்து, 1922இல் இவை ஜுராசிக் காலத்துத் தாவரங்கள் என்று எழுதினார்கள். அதற்குள் வேலண்ட் உகண்டாவுக்குப் போய் அங்கே புவிச்சரிதவியல் அளவைக்கு முதல் பணிப்பாளராகிவிட்டார். ஹோல்டம் பிற்காலத்தில் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பணிப்பாளரானார். 1944இல் சித்தோலே என்ற இந்தியத் தாவரவியலாளர் மேலும் சில இலைகளை விவரித்தார். பன்னம், ஊசியிலை மரம், ஈந்து போன்ற தோற்றமுள்ள செடிகள். தமிழ்நாட்டில் சிவகங்கை, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பாறைகளிலும் இதே கூட்டத்து இலைகள் கிடைக்கின்றன. அன்றைக்கு நமக்கும் அவர்களுக்கும் நடுவே கடல் இல்லை.

வயது சரி, காடும் இருந்தது. பிறகு ஏன் கரி இல்லை? காடு இருந்தால் மட்டும் போதாது, சதுப்பு வேண்டும். ஒரு மீற்றர் நிலக்கரிக்கு ஏறத்தாழ பத்து மீற்றர் தடிப்பில் தாவர எச்சம் சேர வேண்டும் என்பார்கள். அத்தனை காலமும் நீர் தேங்கி நிற்க வேண்டும், நிலமும் மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டிருக்க வேண்டும். தப்போவக் கற்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஆறு கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும். ஓடும் ஆற்றில் இலை விழுந்தால் ஒரு தடம் பதியும், அவ்வளவுதான். தெற்கே அண்டிகம, பல்லமப் பக்கத்திலும் இதே வயதுக் கற்கள் உள்ளன. அங்கே கரிமம் கலந்த கறுப்புக் களிக்கல் கூட உண்டு. வெட்டியெடுக்கக்கூடிய நிலக்கரிப் படுகை இலங்கையில் எங்கும் இல்லை.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த கட்டம் இனித்தான். நாட்டில் நிலக்கரிக்கு நியாயமாக நம்பிக்கை வைத்திருக்கக்கூடிய அந்த மூலையிலிருந்து புத்தளக் களப்பைத் தாண்டினால் நுரைச்சோலை. அங்கேதான் லக்விஜய அனல் மின்நிலையம் நிற்கிறது. 2011இல் முதல் அலகு, 2014 அளவில் மூன்றும் சேர்ந்து 900 மெகாவாற்று. எரிவது முழுக்க வெளிநாட்டு நிலக்கரி. பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. கடலில் சில கிலோமீற்றர் தள்ளி நிற்கும். படகுகளில் ஏற்றித்தான் கரைக்குக் கொண்டுவருவார்கள். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் அதுவும் முடியாது. ஆகவே அந்தப் பருவத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே இறக்கிக் குவித்து வைக்கிறார்கள். இன்றிரவு கண்டியில் நீங்கள் போடும் விளக்கில் அந்தக் கரியும் ஒரு பங்கு எரியும்.

வத்தேகம நண்பரின் கிணற்றில் முப்பத்தைந்தடியில் நல்ல தண்ணீர் வந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

உங்களில் யாராவது புத்தளம் பக்கம் போகும்போது தப்போவ வழியாகப் போக நேர்ந்து, களிக்கல்லில் இலை அச்சு ஒன்றைக் கண்டால், தயவுசெய்து அதைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அது வனஜீவராசிகள் சரணாலயம் உள்ள இடம். ஒரு படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பேராதனைப் பல்கலைக்கழகத்துப் புவிச்சரிதவியல் துறைக்கு அறிவியுங்கள். இடம் தெரியாமல் வரும் கல் அவர்களுக்கு அவ்வளவாக உதவாது.