கார் தரும் எச்சரிக்கை

ஓடும் காருக்குள் தீய்ந்த வாடை வந்தால், கண்ணாடியை இறக்கிவிட்டு அப்படியே போய்விடாதீர்கள். வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். அது என்ன வாடை, எந்தப் பக்கம் வருகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது சக்கரத்துப் பக்கம் காந்தல் வாடை வந்தால், பிரேக் சூடேறிவிட்டது என்று அர்த்தம். மேலும் மிதித்துக்கொண்டே போனால் பிரேக் பிடிக்காமல் போகலாம். நிறுத்தி, தானாக ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிவிடலாம். பிறகு முதல் அல்லது இரண்டாம் கியரில் இறங்குங்கள். சமதரையில் இதே வாடை வந்தால், ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

மேட்டில் அரை கிளட்சிலேயே வண்டியை நிறுத்திப் பிடித்தால் கிளட்ச் பிளேட் தீயும். எஞ்சின் பக்கம் எண்ணெய் கருகினால், கேஸ்கட் கசிந்து, சூடான சைலன்ஸர் குழாயில் ஆயில் சொட்டிக்கொண்டிருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டி கேஸ்கட்டை மாற்றுங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது பிளாஸ்டிக் உருகும் வாடை. அது பெரும்பாலும் வயரிங் கோளாறு. உடனே எஞ்சினை அணைத்து எல்லோரையும் இறக்கிவிடுங்கள். புகை வந்தால் பானெட்டைத் திறக்காதீர்கள். காற்றுப் பட்டால் தீ பெருகும். தள்ளி நின்று 112-ஐ அழையுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று 20 ஆம்பியர் போட்டால், ஃபியூஸ் தப்பிக்கும், வயர் எரியும். கோளாறைச் சரிசெய்துவிட்டு, அதே 10 ஆம்பியர் ஃபியூஸையே போடுங்கள்.