எல்லைவாயிலில் ஒரு கட்டளை



பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் கர்நாடகத்தின் கடைசி ஊர் அத்திபெலே. காவிரிச் செய்தி சூடேறும்போதெல்லாம் முதலில் அடைபடுவது இவ்வூர் வாயிலே. 2016 செப்டம்பரில் இரு மாநிலப் பேருந்துகளும் எல்லையின் இருபுறமும் நின்றுவிட, மக்கள் மூட்டைகளைச் சுமந்தவாறு கால்நடையாகவே எல்லையைக் கடந்தனர்.

நிகழ்ந்தது இதுதான். அம்மாதம் 5ஆம் தேதி, தமிழ்நாட்டுக்குப் பத்து நாட்கள் விநாடிக்கு 15,000 கன அடி நீர் விடுமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 12ஆம் தேதி அதனை 12,000 ஆகக் குறைத்தது. ஆயினும் ஆத்திரம் தணியவில்லை. பெங்களூரில் ஒரு தமிழ் இளைஞர் தாக்கப்பட்ட காட்சியும், தமிழகத்தில் கன்னடர் தாக்கப்பட்ட காட்சிகளும் கைப்பேசிகளில் பரவின. 12ஆம் தேதி பெங்களூரில் ஒரே பேருந்து நிறுத்துமிடத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட பேருந்துகள் எரிந்தன. நகரெங்கும் 144 தடையுத்தரவு பிறந்தது. 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு அமலாயிற்று. துப்பாக்கிப் பிரயோகத்தில் ஓர் உயிரும் போயிற்று.

இத்தகைய வேளையில் போலீசார் செய்யத்தக்கது யாது? 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148ஆம் பிரிவு அதனைச் சொல்கிறது. பழைய சட்டத்தின் 129ஆம் பிரிவே அது. சட்டவிரோதமான கூட்டத்தைக் கலைந்து செல்லுமாறு மாஜிஸ்திரேட்டோ, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ கட்டளையிடலாம். கூட்டம் கலையாவிடினும், கலையமாட்டோம் என்ற உறுதியை நடத்தையால் காட்டினும், பலத்தைப் பிரயோகிக்கலாம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட என் கண்ணில் முதலில் படுவது, தடிக்கு முன்னே சொல்லை வைத்த அந்த ஒழுங்குமுறையே.

அச்சொல் எம்மொழியில் அமையவேண்டும் என்று பிரிவு கூறவில்லை. ஆனால் விளங்காத கட்டளை கட்டளையாகுமா? தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தேநீர்க் கடையில் ஒலிக்கும் அத்திபெலேயில், ஒலிபெருக்கி ஒரு மொழியில் மட்டும் பேசினால், வேலை முடிந்து வீடு திரும்பும் அப்பாவியும் கலகக்காரனோடு சேர்த்து எண்ணப்படுவான். எல்லைக் காவல் நிலையங்களில் எச்சரிக்கை வாசகம் பல மொழிகளிலும் முன்கூட்டியே எழுதி வைக்கப்படுதல் வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு தாள். அதனால் காக்கப்படுவது ஓர் உயிராகவும் இருக்கலாம்.

முன்னேற்பாட்டின் பயனை 2023இல் கண்டோம். அவ்வாண்டு செப்டம்பர் 26 அன்று காவிரிக்காகவே பெங்களூரில் முழு அடைப்பு நடந்தது. தடையுத்தரவு முன்னரே பிறப்பிக்கப்பட்டிருந்தது. தமிழகப் பேருந்துகள் ஓசூரோடு நின்றன. மக்களுக்குச் சிரமம் நேர்ந்தது. ஆனால் 2016ஐப் போல் நகரம் எரியவில்லை.

நமக்கும் கடமை உண்டு. 'சதுரி ஹோகி' என்று கன்னடத்தில் ஒலித்தால், 'கலைந்து செல்லுங்கள்' என்பது பொருள். வேடிக்கை பார்க்க நில்லாது விலகுங்கள். ஆபத்தெனில் 112ஐ அழையுங்கள். அடிபடும் காட்சி எதுவாயினும், எவர் அடிபடுவதாயினும், அதனைப் பிறருக்கு அனுப்பாதீர்கள். அண்டை வீட்டுக் கன்னடர் நம்மைப் போலவே அன்றிரவு கதவைத் தாழிட்டுக்கொண்டு அஞ்சியிருந்தவர்தாம்.