சாலையில் கொட்டிய எண்ணெய் யார் கணக்கில்?

(வடாலா கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முதல் மழை பெய்த மறுநாள் நம்மில் எத்தனை பேர் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்திருக்கிறோம்? விழுந்தவனைப் பார்த்து, "வேகமாக வந்திருப்பான்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். டேங்க் மூடி சரியில்லாத லாரி வளைவில் திரும்பும்போது டீசலைச் சிந்திவிட்டுப் போனதை யாரும் பேசுவதில்லை. மாகுலில் இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன. அங்கிருந்து டேங்கர்கள் ஓடும் சாலைகளை ஒட்டித்தான் செம்பூரிலும் வடாலாவிலும் சீட்டா கேம்பிலும் நம் மக்கள் குடியிருக்கிறார்கள்.

ரயில்வேயில் ஒரு வாகன் தடம் புரண்டால் விசாரணை, அறிக்கை, பொறுப்பு என்று எத்தனையோ காகிதம் எழுதுகிறோம். சாலையில் எண்ணெய் கொட்டினால் இரண்டு கூடை மண்ணோடு கதை முடிகிறது.

டீசல் எளிதில் பற்றாது. வழுக்கித்தான் ஆளைக் கொல்லும். பெட்ரோல் அப்படியல்ல. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து சாக்கடைக்குள் இறங்கும். எட்டத்தில் ஒருவன் பீடி பற்றவைத்தால் போதும். மெக்சிகோவில் குவாதலஹாரா நகரத்தில் 1992 ஏப்ரல் 22 அன்று, குழாயிலிருந்து கசிந்து பாதாளச் சாக்கடையில் சேர்ந்த பெட்ரோல் வெடித்துத் தெருக்களே பிளந்தன. 200 பேருக்கு மேல் மாண்டார்கள். நாற்றம் அடிக்கிறது என்று மக்கள் முன்கூட்டியே புகார் சொல்லியிருந்தார்கள். கேட்கத்தான் ஆளில்லை.

பாகிஸ்தானில் அகமத்பூர் கிழக்கு அருகே 2017 ஜூன் 25 அன்று கவிழ்ந்த டேங்கரிலிருந்து ஒழுகிய பெட்ரோலைப் பாத்திரத்தில் பிடிக்கப் போன ஏழைகள் 200 பேருக்கு மேல் கருகினார்கள். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஆனால் நம் தெருவில் டேங்கர் கவிழ்ந்தால், குடத்தோடு ஓடும் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து வாருங்கள்.

டேங்கரின் பலகையில் 1203 என்றிருந்தால் பெட்ரோல், 1202 என்றிருந்தால் டீசல். எட்ட நின்று பார்த்து, 101க்குப் பேசும்போது அந்த எண்ணையும் சொல்லுங்கள். அடுப்பை அணையுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. எண்ணெய் அதன்மேல் மிதந்து தெரு முழுக்கப் பரவும். டீசலென்றால் மணலை வரப்பு போலப் போட்டு முதலில் சாக்கடை வாயைக் காக்க வேண்டும். பெட்ரோலென்றால் அதைத் தீயணைப்புப் படைக்கு விட்டுவிட்டு விலகிப் போங்கள்.

பிறகுதான் பெரிய வேலை. எண்ணெயைக் குடித்த மணலை அன்றே அள்ள வேண்டும். கிடந்தால் அதுவே அடுத்த வண்டியைச் சறுக்கும். சோப்புத் தண்ணீர் விட்டு வாய்க்காலில் தள்ளினால், அது மித்தி ஆற்றுக்கோ மாகுல் கழிமுகத்துக்கோ போய் மீனவன் வலையில் சேருகிறது. அள்ளிய மணலைத் தெருக் குப்பைத் தொட்டியிலும் கொட்டக் கூடாது. அது அபாயக் கழிவு. இவ்வளவையும் செய்கிறவர் யார்? கையுறையும் பூட்சும் இல்லாத ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. தோல் உரிந்தால் அவருக்கு லீவு கூடக் கிடையாது.

செலவு யாருடையது? மாசுபடுத்தியவனே அதை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே, வேலூர் வட்டாரத் தோல் ஆலைகள் மீதான வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே டேங்கர் ஓடும் சாலைகளில் மணல் பெட்டி வேண்டும், அள்ளுகிறவர்களுக்குக் கையுறையும் பூட்சும் வேண்டும், பில் லாரி முதலாளிக்குப் போக வேண்டும் என்கிறோம். முதலாளிக்கு என்றுதான் சொல்கிறோம். டிரைவரும் நம்மைப் போலக் கூலிக்காரர். அவர் சம்பளத்தில் பிடிக்க விடமாட்டோம்.

வார்டு ஆபீசுக்குக் கொடுக்கும் மனு அந்த மேசையில் இருக்கிறது. மராத்தியிலும் எழுதியிருக்கிறோம். பக்கத்து வீட்டு மராத்தியக் குடும்பத்திடமும் கையெழுத்து வாங்கி வாருங்கள். அவர்கள் வண்டியும் அதே வளைவில்தான் சறுக்குகிறது.