நம் பதிவேடு நம் கையில்



நம் பிள்ளைகளின் உதவித்தொகைப் பதிவேட்டை விலைக்கு வாங்கிய ஒரு மென்பொருளில் வைத்திருந்தோம். உரிமக் கட்டணம் செலுத்தத் தவறிய ஆண்டில் அது திறக்க மறுத்தது. மூன்று பிள்ளைகளின் விண்ணப்பங்கள் காலங்கடந்தன. ஆகவேதான், புதிய பதிவேட்டைக் கட்டற்ற மென்பொருள் கொண்டு நீங்களே இணையத்தில் அமைக்க வேண்டுகிறேன்.

2005-இல் வெளிவந்த ஜாங்கோ போதும். பைத்தான் மொழியில் இயங்கும் அது, அட்டவணைகளை வரையறுத்துவிட்டால் விவரம் பதியும் திரைகளைத் தானே ஆக்கித் தரும். தரவைச் சேமிக்க முதலில் எஸ்கியூலைட். பதிவேடு முழுவதும் ஒரே கோப்பில் அடங்கும். நகலெடுத்தல் எளிது. கரையான் அரித்த ஏடுகளைக் கண்ட எனக்கு அது பெரிது! பலர் ஒரே வேளையில் எழுதும் நிலை வரின் போஸ்ட்கிரஸுக்கு மாறலாம்.

சாதிச் சான்றிதழ் விவரங்களை மட்டும் கடவுச்சொல்லின்றி எவரும் காணவொண்ணாதவாறு வையுங்கள்.